தொடக்ககால பேஸ்பால் வீரர்-மேனேஜர் ஒருவரின் ஆட்ட வாழ்க்கையைத் தொகுப்பது எப்படி: ஹாரி ரைட்டை வைத்து ஒரு செய்முறை

புள்ளிவிவர அட்டவணையை மட்டும் பார்த்தால் ஹாரி ரைட் 36 வயதில்தான் ஆடத் தொடங்குகிறார். அவர் பிறந்தது 1835 ஜனவரி 10, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். அட்டவணையின் முதல் வரி 1871. அதற்கு முன் நியூயார்க்கில் கிரிக்கெட் ஆடினார், 1858 முதல் நிக்கர்பாக்கர் கிளப்பில் பேஸ்பால் ஆடினார், 1869இல் சின்சினாட்டியில் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் முழுத் தொழில்முறை அணியைக் கட்டினார். இவற்றில் ஒன்றுகூட அட்டவணையில் இல்லை. ஓர் ஆட்டக்காரரின் சிறந்த ஆண்டுகள் 22க்கும் 34க்கும் இடையில் என்று கொண்டால், அவருடைய சிறந்த ஆண்டுகள் அனைத்துமே கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

1900க்கு முன் ஆடிய யாரைப் பற்றி எழுதினாலும் இதே சிக்கல் ஏதோ ஒரு வடிவில் வரும். ஆயத்த அட்டவணையிலிருந்து எழுதுவது எளிது, ஆனால் பாதி தவறாகிவிடும். ஆட்டம் ஆட்டமாகச் சேகரித்து, அந்தந்த ஆண்டின் விதியைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த மனிதர் என்ன செய்தார் என்பது தெரியும். கீழே உள்ள முறை எந்தத் தொடக்ககால வீரர்-மேனேஜருக்கும், அதாவது ஆடிக்கொண்டே அணியையும் நடத்தியவருக்கும், பொருந்தும். ஹாரி ரைட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அவருடைய கடிதங்களும் கணக்குக் குறிப்பேடுகளும் நியூயார்க் பொது நூலகத்தின் ஸ்பால்டிங் தொகுப்பில் இருக்கின்றன. செய்தித்தாளில் கிடைத்ததை ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு அந்தக் காலத்து மேனேஜர்கள் மிகச் சிலரிடமே கிடைக்கும்.

முதல் வேலை: ஆளைப் பிரித்தறிதல்

அந்தக் காலத்து பாக்ஸ் ஸ்கோரில், அதாவது ஆட்டத்தின் சுருக்க எண் பட்டியலில், குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும். ரைட் என்றால் எந்த ரைட்? ஹாரியின் தம்பி ஜார்ஜ் சின்சினாட்டியிலும் பாஸ்டனிலும் அதே அணியில் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய நிலைகளுக்கு) இடையே நிற்பவர். இன்னொரு தம்பி சாம் 1876இல் பாஸ்டனுக்காகச் சில ஆட்டங்கள் ஆடினார். தந்தை சாமுவேலும் கிரிக்கெட் தொழில்முறை வீரர், நியூயார்க் செயின்ட் ஜார்ஜ் கிளப்பில் வேலை பார்த்தவர். 1850களின் கிரிக்கெட் பட்டியலில் 'எஸ். ரைட்' என்று வந்தால் அது சாமாக இருக்க முடியாது, தந்தைதான்.

எனவே முதல் பக்கத்தில் ஒரு குடும்பத் தாள் தயாரியுங்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு, வழக்கமாக நின்ற இடம், எந்த ஆண்டில் எந்த ஊர் என்று எழுதுங்கள். முதலெழுத்து இல்லாத பட்டியலில் நின்ற இடத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்: களத்தின் நடு வெளிப்பகுதியான சென்டர் ஃபீல்டில் நின்றவர் ஹாரி, ஷார்ட்ஸ்டாப் ஜார்ஜ். ஒருவர் காயம்பட்டு இடம் மாறிய வாரங்களில் இந்த அனுமானம் உடையும். அந்த ஆட்டங்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்துவிட்டு, ஆட்டத்தை விவரிக்கும் பத்தியில் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

எழுத்துக்கூட்டலும் மாறும். சின்சினாட்டியின் இரண்டாம் பேஸ் வீரர் சார்லி ஸ்வீசியின் பெயரை ஒரு தாள் ஒருவிதமாகவும் இன்னொரு தாள் வேறுவிதமாகவும் அச்சிட்டிருக்கும். மாறுபாடுகளை எல்லாம் குடும்பத் தாளின் கீழேயே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேடும்போது கை கொடுக்கும்.

புனைபெயரில் ஆடியவர்களும் உண்டு. பட் ஃபவுலர் என்று அறியப்படுபவரின் இயற்பெயர் ஜான் ஜாக்சன். 1878இல் மாசசூசெட்ஸின் லின் அணிக்கு ஆடி, தொழில்முறை பேஸ்பாலின் முதல் கறுப்பின வீரராக அறியப்படுகிறார். இயற்பெயரில் மட்டும் தேடினால் அவருடைய ஆட்டங்கள் கிடைக்கா, புனைபெயரில் மட்டும் தேடினால் பிறப்பும் குடும்பமும் கிடைக்கா. இருவேறு தேடலாக நடத்தி, ஊரும் ஆண்டும் பொருந்தும் இடத்தில் இணைக்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தது. 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921இல் ஏற்பட்ட தீயால் அழிந்துபோனது. பல வீரர்களுக்கு அதுவே மிக முக்கியமான ஆண்டு. அந்த இடைவெளியை நகர முகவரிப் புத்தகங்களால் நிரப்பலாம். அவை பெரும்பாலும் ஆண்டுதோறும் வந்தவை, பெயரோடு தொழிலையும் போட்டவை.

கிளப் வரிசை

அடுத்து எலும்புக்கூடு: எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன பொறுப்பு. ஹாரிக்கு அது இப்படி அமையும். 1865இல் சின்சினாட்டிக்குப் போனது கிரிக்கெட் கிளப்பின் தொழில்முறை வீரராக. பிறகு அதே ஊரில் பேஸ்பால். 1870 ஜூன் 14 அன்று புரூக்ளினில் அட்லாண்டிக் அணியிடம் 11 இன்னிங்ஸில் 8-7 என்று தோற்றதும் சின்சினாட்டி அணியின் நீண்ட வெற்றித் தொடர் முறிந்தது. அந்த ஆண்டு முடிவில் சின்சினாட்டி கிளப் தொழில்முறை ஆட்டத்தைக் கைவிட்டது. 1871 முதல் 1881 வரை பாஸ்டன், 1882, 1883 பிராவிடன்ஸ், 1884 முதல் 1893 வரை பிலடெல்பியா. 1895 அக்டோபர் 3 அன்று அட்லாண்டிக் சிட்டியில் மறைவு.

இங்கே பலர் சறுக்கும் இடம் அணியின் பெயர். சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் கலைந்ததும் ஹாரி, ஜார்ஜ், சார்லி கூல்ட், கேல் மெக்வே ஆகியோர் பாஸ்டன் போனார்கள், அந்தப் பெயரும் அவர்களோடு போனது. இன்றைய சின்சினாட்டி அணி அந்தப் பழைய கிளப்பின் நேர் வாரிசு அல்ல. பாஸ்டனின் அந்த அணியிலிருந்து வந்தது இன்றைய அட்லாண்டா பிரேவ்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அல்ல. செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'பாஸ்டன்கள்', 'சின்சினாட்டிகள்' என்று ஊர்ப் பெயரையே எழுதின. உங்கள் பட்டியலிலும் ஊர்ப் பெயரையே எழுதுங்கள், பட்டப்பெயரை விட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

விதித் தாள்

இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். பேஸ்பாலின் விதிகள் 1893 வரை ஏறக்குறைய ஆண்டுதோறும் மாறின. ஆண்டு வாரியாக ஒரு விதித் தாள் இல்லாமல் எண்ணைத் தொடவே கூடாது. குறைந்தது இவை இருக்க வேண்டும்:

பிட்சர், அதாவது பந்து வீசுபவர், அடிப்பவரிடமிருந்து நின்ற தூரம். 1880 வரை 45 அடி. 1881 முதல் 50 அடி. 1893 முதல் 60 அடி 6 அங்குலம். 1893இல் அடிப்பவர்களின் சராசரி திடீரென எகிறுவதற்கு இதுவே காரணம், ஒரே ஆண்டில் எல்லோரும் திறமைசாலிகள் ஆகிவிடவில்லை.

எறியும் முறை. முதலில் கையை இடுப்புக்குக் கீழே வைத்துத்தான் வீச வேண்டும். முதன்மைப் போட்டித் தொடரான நேஷனல் லீக் 1884இல்தான் தோளுக்கு மேலிருந்து எறிய அனுமதித்தது. ஹாரி பிட்சராக வந்தபோது வீசியது மெதுவான கீழ்வீச்சு. அதை இன்றைய எறிதலாகக் கற்பனை செய்து எழுதினால் முழுப் படமும் கெட்டுவிடும்.

உயரம் கேட்கும் உரிமை. 1871 முதல் 1886 வரை அடிப்பவர் 'உயரப் பந்து' அல்லது 'தாழ்ந்த பந்து' என்று கேட்கலாம். கேட்ட பகுதிக்கு வெளியே போனால் அது நல்ல பந்து அல்ல.

வாக், அதாவது தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ். 1879இல் அதற்கு ஒன்பது பந்துகள் தேவை. படிப்படியாகக் குறைந்து 1889இல் நான்காக நின்றது. வாக் குறைவாக உள்ள 1870களின் வீரரைப் 'பொறுமையில்லாதவர்' என்று எழுதுவது அநியாயம்.

ஃபேர்-ஃபவுல் அடி. 1876 வரை பந்து முதலில் கோட்டுக்குள் பட்டுவிட்டால் போதும், பிறகு வெளியே உருண்டாலும் ஆட்டப் பந்துதான். பாஸ்டனின் ராஸ் பார்ன்ஸ் இதில் மன்னன். 1877இல் விதி மாறியது, அவர் எண்கள் விழுந்தன. இரண்டையும் நேரடியாக முடிச்சுப் போடும் பழக்கம் உண்டு. ஆனால் அதே ஆண்டு அவர் நோய்வாய்ப்பட்டு நீண்ட நாள் ஆடவே இல்லை, அந்த நாட்களுக்குச் சம்பளம் கேட்டு வழக்கும் போட்டார். விதி மாற்றத்தைக் காரணமாகச் சொல்வதற்கு முன் அவர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று பாருங்கள்.

மாற்று ஆட்டக்காரர். தாராளமாக மாற்ற 1891இல்தான் அனுமதி வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் காயம் போன்ற காரணம் வேண்டும். எனவே பிட்சர் தளர்ந்தால் களத்தில் இருப்பவர்களில் ஒருவரே வந்து வீச வேண்டும். ஹாரி சென்டர் ஃபீல்டிலிருந்து பிட்சர் இடத்துக்கும், பிட்சர் சென்டர் ஃபீல்டுக்கும் மாறுவார்கள். பாக்ஸ் ஸ்கோரில் ஒரே பெயருக்கு இரண்டு இடங்கள் தெரிந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். வேகமாக வீசும் சின்சினாட்டி பிட்சர் பிரெய்னார்டுக்குப் பழகிப்போன கண்ணுக்கு ஹாரியின் மெதுவான பந்து பிடிபடாது என்பதால் செய்த திட்டமிட்ட மாற்றம் அது.

1887க்குத் தனிப் பக்கமே ஒதுக்குங்கள். அந்த ஓராண்டு மட்டும் அடிப்பவர் அவுட் ஆக நான்கு ஸ்ட்ரைக்குகள் (தவறவிட்ட நல்ல பந்துகள்) தேவை, வாக் கிடைத்தாலும் அது அடியாக எண்ணப்பட்டது. செயின்ட் லூயிஸின் டிப் ஓ'நீலுக்கு அன்றைய கணக்கில் சராசரி .492, வாக்கை நீக்கினால் .435. இரண்டும் புத்தகங்களில் உலவுகின்றன. எதைப் போட்டாலும் எந்தக் கணக்கு என்று அருகிலேயே சொல்லுங்கள். இதற்கு நேர்மாறானது 1876: வாக் கிடைத்தால் அது அடிக்கும் வாய்ப்பாக எண்ணப்பட்டுச் சராசரியைக் குறைத்தது.

பாக்ஸ் ஸ்கோரைப் படித்தல்

1860களின் பட்டியலில் பெயருக்கு எதிரே இரண்டே பத்திகள் இருக்கும்: அவுட், ரன். அவுட் பத்தியைத் தவறாகப் புரிந்துகொள்வது மிகவும் எளிது. அது அடித்து அவுட் ஆனது மட்டுமல்ல, பேஸ் ஓட்டத்தில் வெளியேறியதும் அதில் சேரும். முன்னால் ஓடியவரை வெளியேற்றிவிட்டு, அடித்தவர் முதல் பேஸில் பிழைத்தால் அவுட் ஓடியவர் கணக்கில் போகும். ஆகவே அந்தப் பத்தியிலிருந்து அடிச் சராசரியை உருவாக்க முடியாது. முயலவும் வேண்டாம்.

ஆனால் அதே பத்தி நல்ல சோதனைக் கருவி. முழு ஒன்பது இன்னிங்ஸ் ஆடிய அணிக்கு அவுட்களின் கூட்டுத்தொகை 27 வர வேண்டும். 26 அல்லது 28 வந்தால் ஏதோ ஓர் எண் தவறாக அச்சாகியிருக்கிறது, அந்த ஆட்டத்தின் ரன் பத்தியையும் சந்தேகியுங்கள். ரன்களின் கூட்டுத்தொகையும் இன்னிங்ஸ் வாரியான வரிசையின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வர வேண்டும். இந்த இரண்டு சோதனையையும் தாண்டாத பட்டியலை முதன்மைத் தாளில் ஏற்றாமல் தனி அட்டையில் வைத்துவிட்டு வேறு செய்தித்தாளில் அதே ஆட்டத்தைத் தேடுங்கள்.

பிற்காலப் பட்டியல்களில் பத்திகள் கூடும்: ரன், முதல் பேஸ் அடி, புட்அவுட் (எதிரணி ஆளை அவுட் ஆக்கியது), அசிஸ்ட் (அதற்கு உதவியது), பிழை. புட்அவுட்டின் கூட்டுத்தொகை 27 என்ற சோதனை இங்கும் செல்லும். அடிக்கும் வாய்ப்புகள் முழுதாகத் தரப்பட்ட பட்டியலுக்கு இதைவிடக் கடுமையான சோதனை ஒன்று உண்டு. ஓர் அணியின் அடிக்கும் வாய்ப்பு, வாக், பந்து மேலே பட்டுப் பெற்ற பேஸ், தியாக அடி ஆகிய எல்லாவற்றையும் கூட்டுங்கள். அது அந்த அணி எடுத்த ரன், பேஸில் விடப்பட்டவர்கள், எதிரணியின் புட்அவுட் ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும். சமமாகாவிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ இருக்கும், அது வாக்கை மறந்த ஸ்கோரரின் வேலை.

பிழைப் பத்தியில் எச்சரிக்கை வேண்டும். 1880களின் சில ஆண்டுகளில் பிட்சர் கொடுத்த வாக்கும் கட்டுக்கடங்காத பந்தும் அவருடைய பிழையாகவே எழுதப்பட்டன. ஒரு பிட்சருக்கு ஒரே ஆட்டத்தில் ஏழு பிழை என்று கண்டால் அவர் பந்தைப் பிடிக்கத் தெரியாதவர் என்று பொருளல்ல.

பழைய சராசரி எழுதும் முறை இன்னொரு பொறி. கிரிக்கெட்டிலிருந்து வந்த வழக்கப்படி, முழு எண்ணையும் மீதியையும் தனித்தனியாக எழுதினார்கள். 40 ஆட்டத்தில் 131 ரன் எடுத்தால், ஆட்டத்துக்கு 3, மீதி 11. அச்சில் 3-11 என்றோ அதைப் போன்ற ஒரு வடிவிலோ இருக்கும். அதை 3.11 என்று தசமமாகப் படித்துவிட்டால் தவறு, உண்மையான சராசரி 3.28.

டாஸ் வென்றவரே யார் முதலில் அடிப்பது என்று முடிவு செய்த காலம் இது. ஆகவே பட்டியலில் இரண்டாவதாக உள்ள அணிதான் சொந்த ஊர் அணி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த ஊரில், எந்த மைதானத்தில் என்பதைத் தலைப்பிலிருந்தே குறியுங்கள்.

எந்த ஆட்டம் கணக்கில் சேரும்?

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி: தேதி, ஊர், எதிரணி, முடிவு, நின்ற இடம், ரன், அடி, எந்தத் தாள், எந்தப் பக்கம். இவற்றோடு ஆட்டத்தின் வகை என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். சாம்பியன்ஷிப் ஆட்டம், காட்சி ஆட்டம், உள்ளூர் அமெச்சூர் அணியோடு ஆடியது, சுற்றுப்பயணம் என்று பிரியுங்கள். இதை முதலிலேயே செய்யாமல் பிறகு பிரிக்கலாம் என்று விட்டால் எல்லாத் தாளையும் மறுபடி திறக்க வேண்டி வரும்.

1869 சின்சினாட்டி அணியே இதற்குப் பாடம். அந்தப் பருவம் 57 வெற்றி, தோல்வி இல்லை என்று சொல்லப்படுகிறது. ஆகஸ்ட் 26 அன்று டிராய் ஹேமேக்கர்ஸ் அணியோடு 17-17 என்று இருந்தபோது எதிரணி களத்தை விட்டு வெளியேறியது. நடுவர் ஆட்டத்தை சின்சினாட்டிக்கு அளித்தார். அதை வெற்றியாகக் கொண்டால் ஓர் எண், சமனாகக் கொண்டால் இன்னோர் எண். விதிப்படி நடுவரின் தீர்ப்பே முடிவு, ஆனால் உங்கள் பட்டியலில் '17-17, நடுவர் தீர்ப்பு' என்று எழுதிவிட்டால் வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

1874இல் பாஸ்டனும் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸும் பருவத்தின் நடுவிலேயே கப்பலேறி இங்கிலாந்து போய் பேஸ்பாலும் கிரிக்கெட்டும் ஆடின. கிரிக்கெட்டில் 11 பேர் கொண்ட அணிகளுக்கு எதிராக 18 பேரை இறக்கித் தோற்காமல் திரும்பினார்கள். இந்த ஆட்டங்கள் எதுவும் சாம்பியன்ஷிப் கணக்கில் இல்லை, ஆனால் ஹாரியின் வாழ்க்கையில் அவை இல்லாமல் எழுதவும் முடியாது. வகைப் பத்தி இருப்பதால் இரண்டையும் காப்பாற்றலாம்.

ரத்து செய்யப்பட்டு மாற்றி அளிக்கப்பட்ட ஆட்டங்களையும் கவனியுங்கள். 1871இல் ராக்ஃபோர்டின் ஸ்காட் ஹேஸ்டிங்ஸ் வேறு கிளப்புக்கு ஆடி 60 நாள் முடியாமலேயே களமிறங்கினார் என்பதால் அவர்கள் வென்ற சில ஆட்டங்கள் எதிரணிக்கு மாற்றி எழுதப்பட்டன. களத்தில் நடந்தது ஒன்று, புள்ளிப்பட்டியலில் உள்ளது வேறொன்று. வீரரின் அடியும் ரன்னும் களத்தில் நடந்தபடியே இருக்கட்டும், வெற்றி தோல்வியை மட்டும் தீர்ப்புப்படி மாற்றுங்கள்.

பிறகு லீக் தகுதி. 1871 முதல் 1875 வரை நடந்த நேஷனல் அசோசியேஷனை மேஜர் லீக், அதாவது முதல்நிலைத் தொடர், அல்ல என்று 1969இல் ஒரு சிறப்புக் குழு முடிவு செய்தது. 1876இல் தொடங்கிய நேஷனல் லீக்கிலிருந்துதான் அதிகாரபூர்வக் கணக்கு. பல ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை, அன்றைய மிகச் சிறந்த வீரர்கள் ஆடியது அங்கேதான் என்பதே அவர்கள் வாதம். அவர்கள் பக்கமே நியாயம் அதிகம். ஆனால் தொகுப்பவர் செய்ய வேண்டியது இரண்டு கூட்டுத்தொகைகளையும் தனித்தனியாகத் தருவது. சிகாகோவின் கேப் ஆன்சனுக்கு 3,435 அடி என்று ஓரிடத்தில் பார்ப்பீர்கள், அதில் 423 அசோசியேஷன் ஆண்டுகளைச் சேர்ந்தவை. எது எதில் சேர்ந்தது என்று சொல்லாத மொத்தத்துக்கு மதிப்பே இல்லை.

மேனேஜர் கணக்கு

வீரர் கணக்கைவிட இது நுட்பமானது. அந்தக் காலத்தில் மேனேஜர் என்று அச்சிடப்பட்டவர் பல கிளப்களில் ரயில், தங்குமிடம், நுழைவுக்கட்டணம், வரவு செலவு பார்த்தவர். களத்தில் யார் எங்கே நிற்பது, எப்போது பிட்சரை மாற்றுவது என்பதெல்லாம் கேப்டன் வேலை. இன்றைய அட்டவணைகள் ஓர் அணிக்கு ஒரு பெயரைத்தான் போடும், அது எந்த வகை மேனேஜர் என்று சொல்லாது. எனவே ஒவ்வொரு பருவத்துக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒப்பந்தம் செய்தது யார்? ஆட்ட நாட்களை முடிவு செய்தது யார்? களத்தில் உத்தரவு கொடுத்தது யார்? பாஸ்டனின் தொடக்க ஆண்டுகளில் மூன்றுக்குமே விடை ஹாரி. அதனால்தான் அவர் பெயருக்கு அவ்வளவு கனம். 1884 பிலடெல்பியாவில் அவர் ஆடவில்லை, களத்துக்குள் வேறு கேப்டன் இருந்தார், பொறுப்பின் தன்மை மாறிவிட்டது.

இப்போது எண்கள். அசோசியேஷன் ஐந்து ஆண்டுகள்: 20-10, 39-8, 43-16, 52-18, 71-8. கூட்டினால் 225 வெற்றி, 60 தோல்வி. 1872 முதல் தொடர்ந்து நான்கு சாம்பியன் பட்டங்கள். நேஷனல் லீக்கில் பாஸ்டன் ஆறு ஆண்டுகள் 254-187, இதில் 1877, 1878 பட்டங்கள். பிராவிடன்ஸ் 110-72. பிலடெல்பியா பத்து ஆண்டுகள் 636-566. லீக் மொத்தம் சரியாக 1,000 வெற்றி, 825 தோல்வி. இரண்டையும் சேர்த்தால் 1,225-885, வெற்றி விகிதம் .581. 1869, 1870 சின்சினாட்டி ஆட்டங்கள் இதில் ஒன்றுகூட இல்லை.

அந்த 1,000 எவ்வளவு நுண்ணிய எண் என்பதை 1890 காட்டும். அந்தப் பருவத்தில் ஹாரிக்குக் கண்பார்வை போய் நீண்ட நாள் ஒதுங்கியிருந்தார். கேட்சர் ஜாக் கிளெமென்ட்ஸ், கிளப் உரிமையாளர்களில் ஒருவரான ஆல் ரீச், ஷார்ட்ஸ்டாப் பாப் ஆலன் ஆகியோர் மாறி மாறிப் பொறுப்பேற்றனர். பிலடெல்பியா அந்த ஆண்டு 78 ஆட்டங்கள் வென்றது, ஹாரியின் கணக்கில் சேர்வது 36 வெற்றி 31 தோல்வி மட்டுமே. அணியின் ஆண்டு மொத்தத்தை அப்படியே அவர் பெயரில் போட்டுவிட்டால் 42 வெற்றிகள் கூடிவிடும். உங்கள் மொத்தம் பிறர் மொத்தத்தோடு பொருந்தாதபோது முதலில் தேட வேண்டியது இப்படிப்பட்ட நோய், விலகல், இடைக்காலப் பொறுப்பு உள்ள ஆண்டைத்தான்.

ஆண்டு எண்கள் ஏறி இறங்கும்போது காரணத்தைப் பக்கத்தில் குறியுங்கள். 1875இல் 71-8, அடுத்த ஆண்டு 39-31. மேனேஜர் திறமை இழந்துவிடவில்லை. ஆல்பர்ட் ஸ்பால்டிங், ராஸ் பார்ன்ஸ், கேல் மெக்வே, ஜிம் ஒயிட் ஆகிய நால்வரையும் சிகாகோவின் வில்லியம் ஹல்பர்ட் ஒரே வீச்சில் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதற்கு எதிர்ப்புறம், 1883இல் 17-81 என்று கடைசியில் கிடந்த பிலடெல்பியாவை எடுத்து 1884இல் 39, 1885இல் 56, 1886இல் 71 வெற்றி என்று ஏற்றினார். பட்டம் இல்லாததால் இந்த மூன்று ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அவருடைய மேனேஜர் வேலையின் சிறந்த சான்றுகளில் இதுவும் ஒன்று, விரித்தே எழுத வேண்டும்.

சம்பளம்

சம்பள எண்களை எப்போதும் கூட்டிப் பாருங்கள். 1869 சின்சினாட்டிக்கு வழக்கமாகத் தரப்படும் பட்டியல்: ஜார்ஜ் ரைட் 1,400 டாலர், ஹாரி 1,200, பிரெய்னார்டு 1,100, வாட்டர்மேன் 1,000, ஸ்வீசி, கூல்ட், அலிசன், லெனார்டு, மெக்வே தலா 800, மாற்று வீரர் ஹர்லி 600. மொத்தம் 9,300. இது மார்ச் 15 முதல் நவம்பர் 15 வரை எட்டு மாதத்துக்கு, ஓராண்டுக்கு அல்ல. 1879க்குப் பிறகு ரிசர்வ் ஏற்பாடு வந்தது: ஒவ்வொரு கிளப்பும் முதலில் ஐந்து வீரர்களைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளலாம், மற்றவர்கள் அவர்களைத் தொடக் கூடாது. அதற்கு முன் அடிக்கடி அணி மாறியவரையும் அதற்குப் பின் ஓரிடத்திலேயே இருந்தவரையும் 'விசுவாசம்' என்ற அளவுகோலால் ஒப்பிடாதீர்கள்.

தேடும் முறை

நியூயார்க் கிளிப்பர் வார இதழ் 1850கள் முதலே நல்ல மூலம், அதன் பிரதிகள் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் இலவச மின்தொகுப்பில் உள்ளன. 1883இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஸ்போர்ட்டிங் லைஃப் எல்ஏ84 அறக்கட்டளையின் மின்நூலகத்தில் கிடைக்கும். உள்ளூர் நாளேடுகளுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா தளம்.

தேடுபெட்டியில் 'ரைட்' என்று போட்டால் ஆயிரக்கணக்கில் வேண்டாத பக்கங்கள் வரும். அணியிலிருந்த அரிய பெயரைத் தேடுங்கள்: மெக்வே, பிரெய்னார்டு, ஸ்வீசி. அவர்கள் இருக்கும் பக்கத்தில் ஹாரி இருப்பார். ஆட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் இரு சொல்லாகப் பிரித்தும் தேடுங்கள், 19ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் அதிகம் அச்சிட்டார்கள். பாக்ஸ் ஸ்கோரின் சிறிய எழுத்தைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. ஆட்டம் நடந்த நாள் உறுதியாகத் தெரிந்தால் தேடலை விட்டுவிட்டு மறுநாள் தாளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே விரைவு.

தேதியில் கவனம். காலைத் தாள் நேற்றைய ஆட்டத்தைச் சொல்லும், மாலைத் தாள் அன்றையதையே சொல்லக்கூடும், வார இதழ் முந்தைய வாரத்தை. தந்திச் செய்தியின் தொடக்கத்தில் உள்ள ஊரும் தேதியும்தான் நம்பத்தக்கவை. ஒரே ஆட்டம் இரண்டு தேதியில் இரண்டு முறை பட்டியலில் ஏறுவது இங்கேதான் நடக்கும். எதிரணியும் ஸ்கோரும் ஒன்றாக இருக்கும் வரிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இரட்டைகள் அகப்படும்.

இரண்டு ஊர்த் தாள்கள் வேறு வேறு அடி எண்ணிக்கை தந்தால் சராசரி எடுக்காதீர்கள். ஒவ்வொரு கிளப்புக்கும் தனி ஸ்கோரர் இருந்தார், தன் வீரருக்கு அடி என்று எழுதியதை எதிரூர்க்காரர் பிழை என்று எழுதியிருப்பார். இரண்டையும் எழுதி, மேலே சொன்ன 27 சோதனையில் தேறியதை முதன்மையாக வையுங்கள். இரண்டும் தேறினால் ஆட்டம் நடந்த ஊரின் தாளை எடுங்கள், அதன் நிருபர் களத்தில் இருந்தவர்.

பிற்காலத்தில் எழுதப்பட்ட நினைவுக்குறிப்புகளைக் கடைசியில் படியுங்கள். அவற்றில் உள்ள ஒவ்வொரு ஆட்டத்தையும் உங்கள் பட்டியலில் தேடி, தேதி பொருந்தினால் மட்டும் பயன்படுத்துங்கள். மறைவுச் செய்திகளில் பிறந்த ஆண்டும் முதல் கிளப்பும் தவறாக வருவது சர்வசாதாரணம். பேஸ்பால் புகழ் மண்டபத் தேர்வு ஆண்டுகளையும் தம்பிக்கும் அண்ணனுக்கும் மாற்றி எழுதிவிடுகிறார்கள்: ஜார்ஜ் 1937, ஹாரி 1953.